புள்ளி இல்லாத இடத்தில் ஒரு கோடு

யாங்கி மேடத்துக்கு ஹா பள்ளத்தாக்குக்கு மாற்றல் வந்துவிட்டது. பள்ளி ஆண்டு மலருக்கு அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி முதல்வர் என்னிடம் கேட்டார். "ஆறு வருஷமா ஒரே அறையில உக்காந்திருக்கீங்க, உங்களைவிட யாருக்குத் தெரியும்?" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். கடமையுணர்வு, கனிவு, மாணவர் நலன் என்று ஒன்றரைப் பக்கம் வந்தது. அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் அவளும் இல்லை. மலரில் போட முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதை என் மனைவி டேமாவிடம்கூட நான் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

நான் நிடுப். வாங்டியில் பிறந்து வாங்டியிலேயே வாத்தியார் ஆனவன். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் ஊரில் ஆணாய்ப் பிறந்தவனுக்கு வில் பிடிக்கத் தெரியாவிட்டால் அவனை ஒருமாதிரிதான் பார்ப்பார்கள். எனக்குத் தெரியாது. இருபது வயதில் ஒரே ஒருமுறை பாஜோ மைதானத்தில் எய்தேன். அம்பு பலகையை விட்டு வெகுதூரம் வலப்பக்கம் போய் யாரோ ஒரு அம்மாளின் நாற்றங்காலில் குத்தி நின்றது. எதிரணிக்காரர்கள் கைகோத்து ஒரு முழுச்சுற்று ஆடினார்கள். "நடவு முடிஞ்சுதா நிடுப், அறுவடைக்கு எப்ப வர்றது?" என்று இன்றைக்கும் கேட்கிற கிழவர்கள் உண்டு.

மைதானத்தில் போன மானத்தை நான் வகுப்பறையில்தான் மீட்டேன். எறிபொருள் இயக்கம் என்ற பாடம் வந்தால் நான் ராஜா. கண்ணை மூடிக்கொண்டு சூத்திரம் எழுதுவேன். பதின்மூன்று வருஷத்துக்கு முன் தச்சரைப் பிடித்து ஒரு ஸ்பிரிங் பீரங்கி செய்தேன். மரக்கட்டை, இரும்புக் குழாய், பக்கத்தில் ஒரு கோணமானி. இரும்புக் குண்டைப் போட்டு விசையை விட்டால் நாற்பத்தைந்து பாகையில் அதிக தூரம் போகும். முப்பதிலும் அறுபதிலும் ஒரே இடத்தில் மணலில் விழும். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு ஒரு பள்ளியிலிருந்து ஒரு படைப்புதான் போகலாம். பன்னிரண்டு வருஷமும் எங்கள் பள்ளியிலிருந்து போனது அந்தப் பீரங்கிதான். பிள்ளைகள் மாறுவார்கள், பெயின்ட் மாறும், பீரங்கி மாறாது. இரண்டு முறை மூன்றாம் பரிசு. பிள்ளைகள் என்னை பீரங்கி சார் என்று கூப்பிடுவதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

இந்தப் பெருமைக்கு நடுவில்தான், ஆறு வருஷத்துக்கு முன், யாங்கி வந்து சேர்ந்தாள். லுன்ட்சே பக்கம் ஏதோ ஒரு மலைக் கிராமம். அம்மா கிரா, எங்கள் பெண்கள் உடுத்துகிற துணி, நெய்கிறவர். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் எண்ணித்தான் கணக்குக் கற்றாளாம். பத்தாம் வகுப்பில் ஒருமுறை தோற்றவள். இதை அவள் மறைப்பதே இல்லை. முதல் நாளே பிள்ளைகளிடம், "நான் அறிவியல்லதான் ஃபெயில் ஆனேன், அதனால எது புரியாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தாள். வெற்றிலைச் சிவப்பேறிய வாயைத் திறந்து அவள் சிரித்தால் ஆசிரியர் அறை முழுக்கக் கேட்கும். லாரி ஓட்டுகிற புருஷன் புன்ட்ஷோலிங்கில் வேறொருத்தியோடு இருக்கிறான். அதையும் அப்படியேதான் சொன்னாள், ஏதோ பக்கத்து வீட்டுக் கதை மாதிரி. அம்மாவும் அவளும் ஆசிரியர் குடியிருப்பில் என் வீட்டுக்கு மூன்றாவது வீடு.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அவள் அறிவியல் எடுத்தாள். தெரியாததை நேராக என் மேஜைக்கு வந்து கேட்பாள். "சார், இது எனக்குத் தெரியல லா. சொல்லுங்க." அவ்வளவுதான். எங்கள் ஊர் மரியாதைக்கு ஒரு 'லா', மற்றபடி கூச்சம் கிடையாது, சுற்றி வளைத்தல் கிடையாது. நான் இருபத்திரண்டு வருஷ வேலையில் 'எனக்குத் தெரியாது' என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. தெரியாத இடத்தில் இருமுவேன், இல்லாவிட்டால் சுண்ணக்கட்டி தேடுவேன். என் எரிச்சல் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

போன வருஷம் பிப்ரவரியில் பள்ளி திறந்ததும் கண்காட்சிப் பேச்சு வந்தது. நான் பீரங்கிக்கு நீலப் பெயின்ட் வாங்கி வைத்திருந்தேன். கூட்டத்தில் யாங்கி எழுந்து, பத்தாம் வகுப்பு செல்டென் என்ற பெண்ணோடு சேர்ந்து ஒரு படைப்பு செய்யப்போவதாகச் சொன்னாள். தலைப்பு, 'அம்பு எங்கே விழும்?'

"அம்பா? வில்லை யாரு எய்யப்போறது, நீங்களா?" என்று நான் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"நாங்க எதுக்கு சார் எய்யணும்? பாஜோல ஞாயித்துக்கிழமை நாப்பது பேர் எய்யறாங்க. நாங்க சும்மா நின்னு அளக்கப்போறோம்."

முதல்வர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நிடுப் சார், பீரங்கியும் பன்னெண்டு வருஷமா உழைச்சிருச்சு. இந்த வருஷம் ஓய்வு குடுப்போமா?"

மாட்டைப் பட்டியில் கட்டச் சொல்வதுபோல் சொன்னார். நான், "தாராளமா லா" என்றேன். அன்று வீட்டுக்கு வந்து நீலப் பெயின்ட் டப்பாவைக் கட்டிலுக்கடியில் உதைத்துத் தள்ளினேன்.

வில்லாளிகள் அவளை மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்கள் என்பதுதான் என் நம்பிக்கை. பெண் கை பட்டால் வில்லின் அதிர்ஷ்டம் போய்விடும் என்பதில் எங்கள் ஆட்களுக்குச் சந்தேகமே கிடையாது. போட்டிக்கு முதல்நாள் மனைவியை விட்டுத் தனியாகப் போய்ப் படுக்கிற கூட்டம் அது. டேமா ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தை ஒட்டித்தான் காய்கறிக் கடை போடுவாள். என்றைக்கும் இல்லாத அக்கறையோடு அன்று கூடை தூக்க நானும் போனேன்.

"என்ன அதிசயம்? முள்ளங்கி மேல திடீர்னு பாசமா, இல்ல யாங்கி மேடம் விரட்டியடிக்கப்படறதைப் பாக்க வந்தியா?" என்றாள் டேமா.

யாங்கி அணித்தலைவர் லெகியிடம், எல்லாரும் 'ஆப்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவரிடம், போய் நின்றாள். லெகிக்கு அறுபது வயது, கழுத்து கிடையாது, குரல் மட்டும் ஆற்றைத் தாண்டிக் கேட்கும்.

"பொம்பளை கை பட்டா வில்லு செத்துப்போயிரும் மேடம்."

"தொடவே மாட்டோம் ஆப். பத்தடி தள்ளி நிப்போம். நீங்க நாணை இழுக்கறப்ப பக்கத்துல இருந்து ஒரு போட்டோ, அவ்வளவுதான்."

"போட்டோல எல்லாம் விழுமா?"

"உங்க தொப்பைகூட விழும்."

எதிரணியில் ஒருத்தன் விழுந்து விழுந்து சிரித்தான். "லெகி, தொப்பைக்கும் சேத்து கோணம் எடுக்கச் சொல்லு! அம்பு ஏன் பள்ளத்துல போகுதுன்னு தெரிஞ்சுரும்!"

லெகியும் சிரித்துவிட்டார். அனுமதி கிடைத்துவிட்டது. மதியம் அவருடைய வீட்டுப் பெண்கள் மிளகாயும் பாலாடைக்கட்டியும் போட்ட எமா தத்சியும் சிவப்பரிசிச் சோறும் யாங்கிக்கும் செல்டெனுக்கும் முதலில் போட்டார்கள். இந்த ஊரில் பிறந்து நாற்பத்தாறு வருஷமாகிறது. அந்தப் பந்தியில் எனக்கு ஒருநாளும் இலை விழுந்ததில்லை.

அவர்கள் செய்த முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகத்தான் இருந்தது. எய்கிறவருக்குப் பின்னால் ஒரு மூங்கிலை நட்டு அதில் கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டார்கள். யாங்கி ஆளின் நெஞ்சுப் பக்கமாக நின்று, நாணை முழுக்க இழுத்த நொடியில் போனில் படம் எடுப்பாள். படத்தில் நூல் நேர்செங்குத்து. அதைவைத்து அம்பு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அளந்துவிடலாம். நூற்று நாற்பது மீட்டருக்கு அந்தப் பக்கம் பலகையருகே செல்டென் நாடாவோடு நிற்பாள். அம்பு பலகைக்கு எவ்வளவு முன்னால் விழுந்தது, எவ்வளவு தாண்டிப் போனது என்று அளப்பாள். பலகையில் பட்டுவிட்டால் அந்த அணி நிறுத்தி நிதானமாக ஆடிப் பாடும். பட்டவர் இடுப்பில் வண்ணத்துணி செருகிக்கொள்வார். பிறகு எல்லாரும் அந்த முனைக்கு நடந்து போய், அங்கிருந்து இந்தப் பக்கம் எய்வார்கள். யாங்கியும் நடப்பாள், செல்டெனும் எதிரே நடந்து வருவாள். மூன்று ஞாயிறு, நூற்றுப் பன்னிரண்டு அம்பு.

மார்ச் மாதம் வாங்டியில் காற்று எப்படி என்று வெளியாட்களுக்குத்தான் சொல்ல வேண்டும். பதினொரு மணிக்கு ஆறு இறங்கிப் போகிற பக்கத்திலிருந்து கிளம்பி, மைதானத்தின் நீளவாக்கில் சாயங்காலம் வரை விடாமல் அடிக்கும். நாங்கள் உடுத்துகிற கோ அங்கியின் நுனி முகத்தில் அடிக்கும். வில்லாளிகள் அதற்கேற்ப ஏற்றி இறக்கி எய்துகொள்வார்கள், அதைப் பற்றிப் பேசக்கூட மாட்டார்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை யாங்கி பெரிய அட்டையைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தாள். கிடையாகக் கோணம், செங்குத்தாகத் தூரம், நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். பின்னால் செல்டென் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், எங்கயோ இடிக்குது லா. ஒரே கோணத்துல எய்த அம்பு ரெண்டு தினுசா விழுந்திருக்கு. நாங்க அளந்தது தப்பா, இல்ல இப்படித்தான் இருக்குமா? நீங்க ஒருதடவை பாருங்க."

பார்த்தேன். இரண்டு மூச்சு விடும் நேரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. புள்ளிகள் ஒரு கூட்டமாக இல்லை. மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம், நடுவில் விரற்கடை வெற்றிடம். மேலே இருப்பவை காற்றோடு போன அம்புகள். கீழே இருப்பவை காற்றுக்கு எதிரே போனவை. இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள். எந்த முனையிலிருந்து எய்தது என்று ஒரு இடத்தில்கூடக் குறிக்கவில்லை. குறிக்கத் தோன்றாது. எங்கள் நாட்டுக்காரர்களுக்கு வில்விளையாட்டு என்றால் போவதும் வருவதும் சேர்ந்து ஒன்றுதான். மூச்சை இழுப்பதையும் விடுவதையும் யாராவது தனித்தனியாக எழுதி வைப்பார்களா? மைதானத்தோடு ஒட்டாத என்னைப் போன்றவனுக்குத்தான் அது கண்ணில் படும்.

என் பேனா முனை அந்த வெற்றிடத்தில் நின்றது. ஒரு வார்த்தை போதும். 'காற்று' என்று சொன்னால் போதும். அந்தப் படைப்பு தங்கமாகிவிடும். காற்று எத்தனை மீட்டரைக் கொடுக்கிறது, எத்தனை மீட்டரைப் பறிக்கிறது என்று எங்கள் மாவட்டத்தில் யாரும் அளந்து காட்டியதில்லை. முதல் பரிசு நிச்சயம். முதல் பரிசு என்றால் தலைநகர் திம்பு, தேசியக் கண்காட்சி. பன்னிரண்டு வருஷமாக என் பீரங்கி போகாத இடம். லெகி அவளை முதுகில் தட்டிக்கொடுப்பார். அம்பைப் பற்றி வாங்டியில் யாருக்காவது சந்தேகம் வந்தால் இனி மூன்றாவது வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

"நல்லா இருக்கு மேடம்" என்றேன். "அளவுன்னா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும். நடுவால ஒரு கோடு போட்டுருங்க. அதுதான் சராசரி."

சும்மா இருந்திருந்தால்கூட இவ்வளவு பாவமில்லை. கோடு போட ஸ்கேலையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

மே மாதம் கண்காட்சி. பிள்ளைகளை வேனில் அழைத்துப்போகும் பொறுப்பு எனக்கு வந்தது. நானாகக் கேட்டு வாங்கியது அது. அவள் தடுக்கி விழுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அரங்கில் அட்டையை நிமிர்த்தி வைத்தபோதுதான் கீழே பச்சை மையில் எழுதியிருந்ததைக் கவனித்தேன். செல்டெனின் குண்டுகுண்டான கையெழுத்து. 'சரிபார்த்தவர்: நிடுப் சார், இயற்பியல், இருபத்தொரு ஆண்டு அனுபவம்.'

"இது எதுக்கு மேடம்?" என்றேன்.

"நீங்க பாத்துக் குடுத்தது சார். பேர் போடாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் யாங்கி.

நடுவர் ஒரு கல்லூரியிலிருந்து வந்திருந்தார். சின்ன வயசு, ஆனால் கண் கூர்மை. மூங்கிலும் நூலும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. செல்டென் படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் அட்டை பக்கம் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"இந்தக் கோடு என்ன?"

"சராசரி லா."

"இது எந்தப் புள்ளி மேலயும் போகலையேம்மா. ஒரு அம்புகூட விழாத இடமாப் பாத்துப் போட்டிருக்கீங்க." அவர் விரல் கீழே இறங்கிப் பச்சை மையில் நின்றது. "நிடுப் சார் யாரு?"

சுற்றிலும் ஏழெட்டுப் பள்ளி வாத்தியார்கள். எல்லாரும் என்னைப் பீரங்கியோடு பார்த்துப் பழகியவர்கள். நான் முன்னால் போனேன்.

"நீங்க பதினொண்ணு, பன்னெண்டுக்குத்தான் எடுக்கறீங்களா சார்? இது ரெண்டு கூட்டமா நிக்கறது உங்க கண்ணுல படலையா?"

இரண்டே பதில்தான் இருந்தது. பட்டது, ஆனால் சொல்லவில்லை என்றால் நான் அயோக்கியன். படவில்லை என்றால் எறிபொருள் இயக்கத்தில் அரிச்சுவடி தெரியாதவன். என்னிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பாடம்தான். அதை அங்கேயே கீழே போட்டேன்.

"படல லா" என்றேன். "கவனிக்கல."

பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். யாங்கி என்னைப் பார்க்காமலே சொன்னாள். "சார் மேல தப்பில்லைங்க. தப்பு என்னோடது."

நடுவர் அவளையும் விடவில்லை. "ரெண்டு முனையிலேர்ந்தும் எய்வாங்கதானே? எது எந்தப் பக்கம்னு எழுதி வெச்சிருக்கீங்களா?"

இல்லை என்று தலையாட்டினாள் யாங்கி. செல்டென் அதற்குள் தரையில் உட்கார்ந்து, கோணம் அளக்க எண் போட்டு அச்சிட்டு வைத்திருந்த படங்களை எல்லாம் பையிலிருந்து கொட்டிவிட்டிருந்தாள்.

"மேடம்! சிலதுல பின்னால ஆறு தெரியுது, சிலதுல பின்னால ரோடு தெரியுது. ரோடு தெரியறதெல்லாம் அந்த முனை!"

நடுவர் மதியச் சாப்பாடு முடியும்வரை நேரம் கொடுத்தார். யாங்கியும் செல்டெனும் சாப்பிடவில்லை. நூற்றுப் பன்னிரண்டு படங்களையும் இரண்டு குவியலாகப் பிரித்து, சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகளின்மேல் நிறம் பூசினார்கள். நடுக்கோட்டை அழித்துவிட்டு இரண்டு கோடுகள் போட்டார்கள். ஒவ்வொரு கோடும் தன் கூட்டத்தின் நடுவே போய் நின்றது. நானும் சாப்பிடவில்லை. ரப்பர் துகள் ஊதுகிற வேலைகூட அவர்கள் எனக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாம் பரிசு கிடைத்தது. காலையிலேயே இப்படி வந்திருந்தால் முதலிடம்தான் என்று நடுவர் சொல்லிவிட்டுப் போனார். திம்புவுக்கு முதலிடம் மட்டும்தான் போகும்.

வேன் பள்ளிக்குத் திரும்பியது. இறங்கும்போது செல்டென் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அழுத கண். "நீங்க பாத்துக் குடுத்ததுக்கு நன்றி சார் லா. நாங்கதான் பக்கம் எழுதாம விட்டுட்டோம். உங்களுக்குப் பேச்சு வாங்கி வெச்சுட்டோம்." குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே சொன்னாள். குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டேமா சேதி கேட்டுவிட்டுக் காய்கறிக் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். "அந்த மைதானத்துல காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு என் முள்ளங்கிக்குக்கூடத் தெரியும். உனக்கா தெரியல?" என்றாள். பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

அது நடந்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது. யாங்கி அந்த அட்டையை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்துக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டிப் பூட்டினாள். இந்த வருஷக் கண்காட்சிக்கு வேறொன்று செய்தாள், அதையும் என் மேஜைக்குக் கொண்டுவந்தாள். "பாருங்க சார்" என்றாள், முன்பு போலவே. நான் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, இரண்டு பிழை இருந்தது, சொன்னேன். சொன்ன பிறகும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. இன்னும் பிழை இருக்கக்கூடாதா என்று தேடினேன்.

நேற்று ஆய்வுக்கூடக் கணக்கை ஒப்படைக்க வந்தாள். குடுவைகளை எண்ணி முடித்ததும் ஒன்றேகால் வருஷமாகக் கேட்காததை நான் கேட்டேன்.

"மேடம், அன்னிக்கு நடுவர்கிட்ட உங்க தப்புன்னு ஏன் சொன்னீங்க?"

அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். எனக்கும் ஒன்று மடித்து நீட்டினாள்.

"உங்க பேனா அந்த எடத்துல நின்னுச்சு சார். ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல, சரியா அந்த எடத்துல. நான் பாத்துட்டே இருந்தேன். எல்லாத்தையும் உங்ககிட்ட கேக்கறவ, ஏன் நின்னுச்சுன்னு மட்டும் கேக்கல. கேக்காதது என் தப்புதானே?"

இருமினேன். அவளுக்கு என் இருமல் பழக்கம்தான்.

"அந்த அட்டையை நான் எடுத்துட்டுப் போகல சார், இங்கயே இருக்கட்டும். வேணாம்னு தோணுச்சுன்னா நீங்க எடுத்துடுங்க. சாவி உங்ககிட்டதானே இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குடுவைப் பட்டியலில் கையெழுத்துப் போட்டாள்.

தெரிந்து வைத்துக்கொண்டுதான் நன்றாகப் பேசியிருக்கிறாள், இத்தனை நாளும். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. என் இடத்தில் அவளும் அவள் இடத்தில் நானும் இருந்திருந்தால் அந்தக் கதையை வாங்டி முழுக்கச் சொல்லியிருப்பேன்.

அட்டை அங்கேதான் இருக்கிறது. சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி, நடுவில் சரியாக அழியாத பென்சில் கோடு, கீழே பச்சை மையில் என் பெயர். சாவி என் கோவின் மடிப்பில் இருக்கிறது. நான் எடுக்கவில்லை. இன்று காலை வகுப்புக்குத் தாழ்வாரம் வழியாகப் போகாமல், சமையற்கூடத்தைச் சுற்றிக்கொண்டு போனேன்.